ஒருமுறை சொன்ன ‘வேண்டாம்’

கேள்வி: நான் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவள், வயது 16. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனிக்கு வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கிறேன். செப்டம்பர் தொடக்கத்தில் வந்தேன், ஏழு வாரமாகிறது. இவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் என்மேல் பாசமும் இல்லை. சாப்பாடு வேண்டுமா என்று இரண்டாவது முறை கேட்பதில்லை. மாலையில் வெறும் ரொட்டிதான். குளிக்க அதிக நேரம் எடுக்கிறேன் என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். நேற்று, “எப்போதும் அறைக்குள்ளேயே இருக்கிறாயே, எங்களைப் பிடிக்கவில்லையா?” என்றும் கேட்டுவிட்டார். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்றுதான் நான் அறையில் இருக்கிறேன். வேலூரிலிருந்து தினமும் இரவு ஒன்பதரைக்குப் பேசும் பாட்டி, போனிலேயே அழுகிறார். வேறு குடும்பம் கேட்கலாமா? ஊருக்கே திரும்பிவிடலாமா?

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோதுதான் நீ அரை வயிற்றோடு படுக்கப் போகிறாய் என்பது எனக்குப் புரிந்தது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

நம் வீடுகளில் முதல் ‘வேண்டாம்’ என்பது மரியாதைக்குச் சொல்வது. பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்காமல், இன்னும் ஒரு கரண்டி போட்டுவிட்டுத்தான் நகர்வார். இலைக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் நீட்டி மறைத்தால்தான் உண்மையிலேயே போதும் என்று பொருள். ஜெர்மானியர் வீட்டில் ‘நைன், டாங்க’ (வேண்டாம், நன்றி) என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. மறுபடியும் வற்புறுத்தினால் சொன்னவரின் சொல்லை மதிக்காததுபோல் ஆகிவிடும் என்று அங்கே பலரும் கருதுகிறார்கள். அவர்கள் உன் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள். நீயோ அதைப் பாசமின்மை என்று எடுத்துக்கொண்டு பசியோடு எழுந்துவிடுகிறாய். இன்று மாலையே, “எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்” என்று வாய்விட்டுச் சொல். மாலை ரொட்டியும் உனக்காக மட்டும் குறைத்து வைத்தது இல்லை. மதியம் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று குளிர்ந்த உணவாக முடித்துக்கொள்வது அந்த நாட்டின் பழைய வழக்கம். அந்த உணவுக்கே ‘மாலை ரொட்டி’ என்றுதான் பெயர்.

நீ கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. கோடைக்கால நேரம் நடைமுறையில் இருக்கும்போது ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். பாட்டி ஒன்பதரைக்கு அழைக்கும்போது அங்கே மாலை ஆறு மணி, அதாவது ரொட்டியும் கத்தியும் மேசைக்கு வரும் நேரம். அந்தக் குடும்பம் நாளெல்லாம் சிதறிக் கிடந்துவிட்டு ஒன்றாக உட்காரும் அந்த ஒரு வேளையில், நீ போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாய். அழுத முகத்தோடு வெளியே வருகிறாய், அல்லது வராமலே இருந்துவிடுகிறாய். ஏழு வாரமாக இதைப் பார்க்கிற எந்தத் தாயும் நேற்று அவர் கேட்டதைத்தான் கேட்பார். அவர் உன்னிடம் குறை சொல்லவில்லை அம்மா, மனம் வருந்திக் கேட்டிருக்கிறார்.

இதை நான் ஊகித்து எழுதவில்லை. என் சிறுவயதில், வேலூரில் மருத்துவமனைக்கு அருகில் இருந்த எங்கள் வீட்டின் மாடியறையை, சிகிச்சைக்காகக் கொல்கத்தா பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். வங்காள மொழியில் கடைப் பலகை எழுதிவைக்கும் நம் ஊரில் இது உனக்கும் தெரிந்த காட்சிதான். ஒருமுறை கணவரின் அறுவைச் சிகிச்சைக்காக வந்திருந்த ஒரு பெண், பத்து நாளும் படியிறங்கி வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கர்வம் பிடித்தவள் என்று என் அம்மா முடிவுகட்டிவிட்டார். பதினோராம் நாள் அந்தப் பெண் ஒரு அலுமினியப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே வந்து, மீன் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றலாம் என்று சைகையால் கேட்டார். பத்து நாளாக அந்தத் தண்ணீரை இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் தெருமுனைவரை தூக்கிப்போய்க் கொட்டியிருக்கிறார், எங்களுக்குத் தொந்தரவு கூடாதென்று! அன்று அம்மா அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப்போன விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தொந்தரவு தரக்கூடாது என்று நீ கதவைச் சாத்திக்கொள்வதும் அதே காரியம்தான்.

ஆகவே நேற்றைய கேள்விக்கு இன்றே பதில் சொல். “எங்கள் ஊரில் விருந்தாளி இடைஞ்சல் இல்லாமல் இருப்பதுதான் மரியாதை, அதனால்தான் அறையில் இருந்தேன்” என்று சொல், மொழி தடுமாறினால் எழுதிக் கொடு. வீட்டுப்பாடத்தைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய். குளியலைப் பற்றிக் கேட்டால், எத்தனை நிமிடம் சரியாக இருக்கும் என்று நேராகக் கேட்டுவிடு. அங்கே சூடான தண்ணீருக்குக் கட்டணம் அதிகம். பாலாறு வறண்டு கிடக்க, குடங்களை எண்ணிச் செலவழித்த ஊரில் வளர்ந்த உனக்கு இது கடினமாக இராது. அந்த அம்மாவை எப்படி அழைப்பது என்று தெரியாமல் அழைக்காமலேயே இருக்கிறாய் என்றும் நினைக்கிறேன், ஏனென்றால் உன் கடிதம் முழுவதும் அவர் ‘அந்த வீட்டு அம்மா’வாகவே இருக்கிறார். அவர்கள் பெயர் சொல்லி, ‘டூ’ என்று அழைக்கச் சொல்லியிருந்தால் தயங்காதே. நம் வீட்டில் அம்மாவை ‘நீ’ என்கிறோமே, அந்த ‘நீ’தான் அது.

வேறு குடும்பம் கேட்பது தவறே இல்லை. ரோட்டரி திட்டத்தில் ஓராண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் தங்குவதே வழக்கமாக இருக்கிறது. யாராவது தகாத முறையில் தொட்டாலோ, பேசினாலோ, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாலோ, வீட்டில் இருக்கவே அச்சமாக இருந்தாலோ, ஒரு நாளும் பொறுக்காமல் திட்டப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். காவல்துறைக்கு 110, அவசர உதவிக்கு 112, சிறுவர்கள் மனம்விட்டுப் பேச 116111 என்ற எண்களைப் போனில் பதிந்து வை. உன் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால்தான், இப்போது மாற வேண்டாம் என்கிறேன். இதே சாத்திய கதவோடு போனால் அடுத்த வீட்டிலும் இதே கேள்விதான் வரும். ஊர் திரும்பும் முடிவையும் இந்தக் குளிர்காலத்தில் எடுக்காதே. டிசம்பரில் அங்கே நான்கு, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டில் எல்லாக் கவலையும் இரண்டு மடங்காகத் தெரியும்.

பாட்டியிடம் நீயே பேசு. தினமும் அழைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மறந்துவிட்டாய் என்று நினைப்பார். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொடு. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதன்பின் வித்தியாசம் நாலரை மணி நேரமாகிவிடும். உனக்கு ஞாயிறு காலை பதினொரு மணி என்றால் வேலூரில் பிற்பகல் மூன்றரை. காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ‘3.30’ என்று அவரையே எழுதிவைக்கச் சொல். அந்த நேரத்தில் போனைச் சமையலறைக்குக் கொண்டுபோய், கத்தரிக்காய்க் குழம்பின் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டே அவர்கள் எல்லோருக்கும் சமைத்துக் கொடு. முள் கத்தரிக்காய் கிடைக்காது. கிடைக்கிற பெரிய கத்தரிக்காயை நறுக்கிக்கொள். தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிடு, மிளகாய்ப் புகைக்கு அங்கே கூரையில் இருக்கும் அபாயமணி அடித்துவிடும்.