ஆய்வகத்து லைப்ரரி: கொழிஞ்சாம்பாறைக் கேள்விப் பெட்டியிலிருந்து

போன மாதம் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் பேசும்போது, "நாங்களும் லைப்ரரி கட்டுவோம், புத்தகம் இல்லாத லைப்ரரி" என்று போகிற போக்கில் சொன்னேன். பெட்டி நிறையச் சீட்டு விழுந்திருக்கிறது. மரபணு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் அந்த எல்லைக்குள் பதில் சொல்கிறேன்.

டீச்சர், புத்தகம் இல்லாமல் எப்படி லைப்ரரி? (வேலந்தாவளம், பிளஸ் டூ மாணவி)

நெல்லின் டி.என்.ஏ. முழுவதையும் எடுத்துத் துண்டு துண்டாக வெட்டு. ஒவ்வொரு துண்டையும் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் செலுத்து. பாக்டீரியா வளரக் கூழ் ஊற்றிய அகார் தட்டில் பரப்பி 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தால், காலையில் கடுகு மாதிரிப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாக்டீரியாக் கூட்டம், அதாவது காலனி. அகாரில் எக்ஸ்-கால் என்னும் நிறம் காட்டும் பொருளைச் சேர்த்திருந்தால் சில புள்ளி நீலம், சில வெள்ளை. நீலம் வெறும் வளையம். வெள்ளையில்தான் நெல்லின் துண்டு இருக்கிறது. பல்குத்தும் குச்சியால் வெள்ளையை மட்டும் தொட்டு எடுப்போம். அத்தனை வெள்ளையும் சேர்ந்ததுதான் ஜீனோமிக் லைப்ரரி.

அட்டவணை இல்லாத இடம் நூலகமா? நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் சொன்ன ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. எந்தப் புள்ளியில் என்ன என்றே தெரியாவிட்டால் அது பழைய பேப்பர் கடை. (சித்தூர், ஓய்வுபெற்ற நூலகர்)

ஐயா, அட்டவணை இல்லைதான். ஆனால் தேடுவதற்கு வழி உண்டு. 1975இல் கிரன்ஸ்டைன், ஹாக்னெஸ் இருவரும் காட்டிய முறை இது. தட்டின் மேல் ஒரு மெல்லிய சவ்வை ஒற்றி எடுப்போம். புள்ளிகள் அப்படியே அதில் அச்சாகிவிடும். எந்தப் பக்கம் மேல் என்று தெரிவதற்காக ஊசியால் மூன்று துளை போடுவோம். தேடும் மரபணுவோடு ஒட்டக்கூடிய, கதிரியக்கம் ஏற்றிய சிறு துண்டை அந்தச் சவ்வில் ஊற்றிக் கழுவி எக்ஸ்ரே பிலிமில் வைத்தால், பொருந்திய இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். ஆயிரக்கணக்கான புத்தகங்களை ஒரே நேரத்தில் கூப்பிட்டு, "இந்த வரி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்பது மாதிரி.

நெல்லுக்கு எத்தனை காலனி வேண்டும்? (கோவை போய்ப் படிக்கும் எம்.எஸ்சி. மாணவர்)

நெல்லின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 39 கோடி டி.என்.ஏ. எழுத்து. பி.ஏ.சி. என்னும் பெரிய வளையத்தில் ஒன்றரை லட்சம் எழுத்துத் துண்டு நிற்கும். வகுத்தால் 2,600 வரும். அதோடு போதும் என்று நிறுத்திவிடாதே. துண்டுகள் தற்செயலாக விழுவதால், 2,600 காலனியில் தொகுதியின் 63 சதவீதம்தான் கிடைக்கும். தேடும் மரபணு 99 சதவீத உறுதியோடு உள்ளே இருக்க வேண்டும் என்றால் 12,000 வேண்டும். 1976இல் கிளார்க், கார்பன் எழுதிய சூத்திரம் இது.

சி-டி.என்.ஏ. லைப்ரரி எதில் வேறு? (இரண்டு பேர்)

இலையில் எடுத்தாலும் வேரில் எடுத்தாலும் ஜீனோமிக் லைப்ரரி ஒன்றுதான். சி-டி.என்.ஏ. அப்படியில்லை. அந்த நேரத்தில் அந்தத் திசுவில் வேலை செய்யும் மரபணுக்களின் நகலான எம்-ஆர்.என்.ஏ.வை மட்டும் எடுத்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்னும் நொதியால் டி.என்.ஏ.வாகத் திருப்புகிறோம். அந்த நொதியை 1970இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டார்கள்.

ஓர் எச்சரிக்கை: லைப்ரரியைத் திரும்பத் திரும்ப வளர்த்துப் பெருக்காதீர்கள். சின்னத் துண்டு வைத்திருக்கும் பாக்டீரியா வேகமாக வளரும், பெரிய துண்டு பின்தங்கும், அரிய பிரதி முதலில் தொலையும். நான் மாணவியாக இருந்த ஓர் ஆய்வகத்தில் மூன்று முறை பெருக்கிய லைப்ரரியைக் கொடுத்தார்கள். அதில் நான்கு மாதம் தேடினேன். நான் தேடிய மரபணு அதில் இல்லவே இல்லை.

மைனஸ் 20இல் வைக்கலாமா? (மூன்று பேர்)

கூடாது. கிளிசராலில் கலந்து, சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80. ஒரு குழாயை உருக்கினால் மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பைத்தான் லைப்ரரி பற்றி?

அது என் துறை இல்லை. கணினி ஆசிரியரைக் கேளுங்கள்.

டீச்சர், நூலகர் ஐயா சொல்வது சரி. 'களஞ்சியம்' என்று சொல்லலாமே? (தமிழாசிரியர்)
ஒருமுறை கண்ட காலனியை மறுமுறை தேட, மறுபடியும் சவ்வு, பிலிமா? (மீண்டும் நூலகர்)

களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டி வைப்போம், அள்ளுவோம். குறிப்பிட்ட ஒரு மணியைக் கேட்டு யாரும் போவதில்லை. இங்கே கேட்டுத்தான் போகிறோம். அதனால் எனக்கு நூலகமே பிடித்திருக்கிறது.

ஆனால் ஐயா, இரண்டாவது கேள்வியில் நீங்கள் சொல்வதுதான் சரி. அந்தத் தொல்லைக்காகத்தான் பிறகு 384 குழி கொண்ட தட்டுகள் வந்தன. ஒரு குழிக்கு ஒரு காலனி. தட்டு எண், வரிசை, நிரல் என்று ஒவ்வொன்றுக்கும் முகவரி உண்டு. 2005இல் வெளியான நெல் மரபணுத் தொகுதி இப்படி முகவரி போட்ட லைப்ரரிகளிலிருந்துதான் படிக்கப்பட்டது. அதில் 11ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இந்தியக் குழுவின் வேலை. ரங்கநாதனின் நான்காவது விதி இங்கேயும் செல்லும்.

மருந்து கண்டுபிடிக்கவும் லைப்ரரி உண்டாமே?

உண்டு. ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துத்தான் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினுக்கு வழி திறந்தார். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்னும் வைரஸின் மேலுறையில் புரதத்தைக் காட்டும் லைப்ரரி முறைக்கு 2018இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இதை இன்னொரு மாதம் விரிவாகப் பார்ப்போம்.

ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் வைத்தால்?

மேலே சொல்லிவிட்டேன்.

எங்கள் தோப்பில் கள்ளு இறக்குகிறார்கள். கள்ளில் உள்ள கிருமிகளுக்கெல்லாம் லைப்ரரி செய்ய முடியுமா? (சித்தூர், பட்டப்படிப்பு மாணவி)

முடியும் கண்ணு, தாராளமாகச் செய். கள்ளில் இருப்பது எல்லாமே அகாரில் வளராது. அதனால் வளர்க்காமல் நேரே டி.என்.ஏ.வை எடுக்கிறோம். இதற்கு மெட்டாஜீனோமிக் லைப்ரரி என்று பெயர். இப்போது பாக்டீரியாவுக்குள் செலுத்த வேண்டியதுகூட இல்லை. துண்டின் இரு முனையிலும் அடாப்டர் என்னும் சிறு டி.என்.ஏ. துண்டை ஒட்டி, எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சீக்வென்சிங் மெஷினுக்குக் கொடுக்கலாம். அதற்கும் லைப்ரரி என்றே பெயர்.

ஈஸ்டின் சுவர் கெட்டியானது. சோப்புக் கரைசல் மட்டும் ஊற்றினால் சைமோமோனாஸ் மாதிரி பாக்டீரியா உடைந்து வரும், ஈஸ்ட் உடையாது. கண்ணாடி மணி போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் கள்ளில் ஈஸ்ட் குறைவு என்று தப்பாக எழுதிவிடுவாய். டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். சுற்றுகளையும் குறைவாக வை. நான் சொன்ன எச்சரிக்கை இதற்கும்தான்: பெருக்கப் பெருக்க அரியது மறையும்.

சுண்ணாம்பு தடவிய கலயம் வேண்டாம், அது புளிப்பதையே தடுத்துவிடும். காலைக் கள்ளும் மாலைக் கள்ளும் ஒன்றல்ல. இறக்கிய உடனே குழாயில் எடுத்து ஐஸில் வை. நேரம், மரம், கலயம் மூன்றையும் குழாயின் மேலேயே எழுது. மூடியில் எழுதாதே, மூடி மாறிவிடும்.