வாட்ச் காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிடலாமா?

வாட்ச் தினமும் 2,300 கலோரி எரித்ததாகக் காட்டுகிறது, நான் 1,800தான் சாப்பிடுகிறேன். ஒன்றரை மாதமாக எடை அசையவே இல்லை. வயது 42, உயரம் 156 செ.மீ., எடை 64 கிலோ. (வாசகி, மதுரை)

வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு 1 லிட்டர் ஆக்ஸிஜனைச் செலவழித்தால் ஏறக்குறைய 5 கலோரி எரிகிறது, ஆனால் ஆக்ஸிஜனை அளக்க முகமூடி மாட்ட வேண்டும், அதனால் வாட்ச் நாடித்துடிப்பைப் பார்த்து, நீங்கள் கொடுத்த வயது, எடையை வைத்து ஒரு ஊகம் செய்கிறது. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு 7 கருவிகளைக் கட்டிப் பார்த்தார்கள். துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93!

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஓய்வில் உடம்பு எரிப்பதைக் கணக்கிடும் மிஃப்ளின் சூத்திரப்படி எடைக்கு 640, உயரத்துக்கு 975, வயதுக்காக 210-ம் பெண் என்பதற்காக 161-ம் கழிக்க வேண்டும்: 640 + 975 − 210 − 161, அதாவது சும்மா படுத்திருந்தாலே 1,244. வீட்டு வேலை, கொஞ்சம் நடை என்று 1.4-ஆல் பெருக்கினால் சுமார் 1,740. நீங்கள் சாப்பிடுவதும் கிட்டத்தட்ட அதுதானே, எடை எப்படிக் குறையும்? மூன்று வாரம் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து வாரச் சராசரி எழுதுங்கள், எடை மாறவில்லை என்றால் நீங்கள் சாப்பிடும் அளவுதான் உங்கள் உண்மையான செலவு, வாட்ச் என்ன சொன்னாலும் சரி. அப்புறம், தாளிக்கிற எண்ணெயைக் கணக்கில் சேர்த்தீர்களா? ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி.

ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 95 காட்டுகிறது. அப்போதும் கொழுப்பு எரிகிறதா?

ஆசையைப் பாருங்கள்! போன மே மாதம் அடுப்படியில் நின்று சப்பாத்தி போட்டுக்கொண்டே வாட்சைப் பார்த்தேன், 112. காலையில் பூங்காவில் வேர்க்க விறுவிறுக்க நடந்தபோதும் அதே 112தான். சப்பாத்தி தேய்ப்பது வேக நடையாகிவிடுமா? வெக்கையில் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓட வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இதயம் வேகமாக அடிக்கிறது. காபி, காய்ச்சல், மேனேஜர் மேல் கோபம் எல்லாமே துடிப்பை ஏற்றும், ஆனால் தசை வேலை செய்யவில்லை. நடை, ஓட்டம், சைக்கிள் மாதிரி சீரான உழைப்பில்தான் துடிப்பும் ஆக்ஸிஜன் செலவும் ஓரளவு சேர்ந்து ஏறும். உட்கார்ந்திருக்கும்போது அந்த உறவு அறுந்துபோகிறது, பளு தூக்கும்போதும் அப்படித்தான். ஆனால் சும்மா இருக்கும்போது எப்போதும் 100-க்கு மேலேயே இருந்தால் கலோரியை விடுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

கையில் கட்டுவதா, நெஞ்சில் கட்டும் பட்டையா?

துடிப்புக்கு நெஞ்சுப்பட்டைதான். அது இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது (பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-லேயே வயர் இல்லாத மாடலைக் கொண்டுவந்துவிட்டது). கை வாட்ச் பச்சை விளக்கடித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது, பட்டி தளர்ந்தாலோ பச்சை குத்தியிருந்தாலோ தடுமாறும். ஆனால் கலோரிக் கணக்கு இரண்டிலுமே ஊகம்தான், அதற்காக மட்டும் பட்டை வாங்க வேண்டாம்.

அப்பாவுக்கு 61 வயது, பிரஷருக்கு அடெனலால் சாப்பிடுகிறார். ஒரு மணி நேரம் நடந்தும் வாட்ச் மிகக் குறைவாகக் காட்டுகிறதே?

அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை அடக்குவதுதான். அவர் உழைக்கிறார், துடிப்பு ஏறவில்லை, வாட்ச் ஏமாந்துபோகிறது. எண்ணுக்காக மாத்திரையில் கை வைக்கவே கூடாது. நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அந்த வேகம் போதும்.

டிரெட்மில்லில் 300 எரித்தேன். கூடுதலாக 300 சாப்பிடலாம்தானே?

கூடாது. அந்த நேரம் சோபாவில் கிடந்திருந்தாலும் எரிந்திருக்கும் கலோரியும் பெரும்பாலும் அந்த 300-க்குள்ளேயே இருக்கும். 64 கிலோ ஆள் முக்கால் மணி நேரம் சுமாரான வேகத்தில் நடந்தால் மொத்தம் 170 அளவில் வரும், நடையால் கூடுதலாகச் செலவானது 120தான். நான் என்றால் மெஷின் காட்டுவதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வேன், பசித்தால்.