இருவருக்கு ஒரே தாள்

அன்புள்ள ஐயா,

ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன், 24 பிள்ளைகள். ‘உன் நண்பனை வரை’ என்றேன். பாதிப் பேர் கரும்பலகையில் நான் போட்ட பொம்மைகளையே பார்த்து வரைந்தார்கள். கிரேயானுக்குச் சண்டை வேறு. ஒரு சிறுமியை மட்டும் யாருமே வரையவில்லை. அவளும் அதைக் கவனித்துவிட்டாள். ஓவியத்தில் நட்பைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

முடியும். ஆனால் ‘உன் நண்பனை வரை’ என்பதை விட்டுவிடுங்கள். யாரை யாருக்குப் பிடிக்கும் என்பதை அது எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடுகிறது. சேர்ந்து வரைந்தால்தான் முடியும் என்கிற வேலையைக் கொடுங்கள். தலைப்பு எதுவானாலும் சரி.

பழைய காலண்டர் படங்கள் 12 எடுத்து, ஒவ்வொன்றையும் வளைவாக இரண்டாய் வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். பொருந்தும் துண்டு யாரிடமோ, அவர்தான் ஜோடி. ஒரு பிள்ளை வராத நாளில் 11 படம் போதும், அதில் ஒன்றை மூன்றாக வெட்டுங்கள். மிஞ்சிய பிள்ளையை உங்களோடு உட்கார வைத்தால் அதற்குத் தண்டனை மாதிரி இருக்கும்.

ஜோடிக்கு அரைச் சார்ட், டப்பா மூடியில் 6 கிரேயான். இரண்டே கொடுத்தால் அடிதடி. 24 கொடுத்தால் கேட்டு வாங்கும் தேவையே வராது. கருப்பு வேண்டாம். அது மற்ற நிறங்களில் இழுபட்டு அழுக்காகும், அதன் மேல் வேறு நிறமும் ஏறாது. எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவருக்குப் படம் தலைகீழாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும்.

முதல் நாள் பல ஜோடிகள் நடுவில் கோடு கிழித்து ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொள்ளும். திட்டாதீர்கள். சேர்ந்து விளையாடுவதற்கு முன்னால் அருகருகே தனித்தனியாக விளையாடும் கட்டம் ஒன்று உண்டு என்று பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே எழுதியிருக்கிறார். ஐந்து வயதிலும் அது அடிக்கடி எட்டிப் பார்க்கும். அடுத்த வாரம் ரயில் வரையச் சொல்லுங்கள்: இன்ஜின் ஒருவர் பக்கம், கடைசிப் பெட்டி மற்றவர் பக்கம். தண்டவாளம் நடுவில் வந்து சேர வேண்டும். சேராது! ஒருவருடையது நாலு விரல் மேலே நிற்கும். அங்கேதான் பேச்சு ஆரம்பிக்கும். வளைக்கலாமா, பாலம் போடலாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். நீங்கள் பென்சிலைத் தொடாதீர்கள்.

மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள்: ‘முடிஞ்சதும் பச்சை தர்றியா?’, ‘இங்க நான் வரையட்டுமா?’, ‘வேண்டாம், இது இப்படியே இருக்கட்டும்.’ மூன்றாவதுதான் முக்கியம். மறுக்கத் தெரியாத பிள்ளையின் படத்தின் மேல் வேகமான பிள்ளை வரைந்துகொண்டே போகும்.

முகம் வரைவது மூன்றாம் வாரத்துக்கு. அப்போது மட்டும் எதிரெதிரே. ஜோடியைத்தான் வரைய வேண்டும் என்பதால் யாரும் விடுபட மாட்டார்கள். பிள்ளைகள் ‘ஸ்கின் கலர்’ என்று சொல்லும் வெளிறிய ரோஸ் கிரேயானை அன்று எடுத்துவிடுங்கள். நம் வகுப்பில் யாருடைய தோலும் அந்த நிறமில்லை. மஞ்சளோ ஆரஞ்சோ அடியில், அதன் மேல் பிரவுனை லேசாக. துண்டுத் தாளில் தேய்த்து நண்பனின் கையருகே வைத்துப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகட்டும்.

20 நிமிடம் போதும். ஸ்டார் போடாதீர்கள். இரண்டு பெயரையும் எழுதி, பிள்ளைகளின் கண்ணுயரத்தில் ஒட்டுங்கள்.

அந்தச் சிறுமி விஷயம். முதல் வாரம் துண்டு கொடுக்கும்போது, அவளுடைய மறுபாதி பொறுமையான ஒரு பிள்ளையின் கைக்குப் போகிற மாதிரி நீங்களே பார்த்துக் கொடுங்கள்.