தொட்டது ஓரிடம், அம்பு போனது வேறிடம்

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை வைத்திருக்கிறேன். பழைய டச் பில்லிங் மெஷின் ஒன்று கைக்கு வந்தது. 2 ஜிபி ரேம்தான். விண்டோஸ் நகரவே இல்லை. பழைய கணினிகளுக்கேற்ற ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் போட்டதும் நன்றாக ஓடுகிறது. எடையும் விலையும் தெரியட்டுமே என்று வாடிக்கையாளர் பக்கம் இன்னொரு மானிட்டர் மாட்டினேன். அன்றிலிருந்து டச் கோளாறு. இடது ஓரத்தில் தொட்டால் ஏறக்குறைய சரி. வலப்பக்கம் போகப்போக மவுஸ் அம்பு முந்திக்கொண்டு ஓடி, அடுத்த மானிட்டருக்குள் விழுந்துவிடுகிறது. இதற்கு டிரைவர் எங்கே கிடைக்கும்?

பதில்: டிரைவரைத் தேடி அலையாதீர்கள். அது உங்கள் மெஷினில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. இல்லையென்றால் அம்பு அசைந்தே இருக்காது. லினக்ஸில் டச் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னல் என்ற அதன் மையப் பகுதிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. தயாரிப்பாளர் தளத்தில் கிடைப்பவை பல ஆண்டுகளுக்கு முந்தைய கெர்னலுக்கு எழுதப்பட்டவை. அவற்றை நிறுவப்போய் இருப்பதையும் கெடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

நடந்தது இதுதான். இரண்டு மானிட்டரையும் லினக்ஸ் ஒரே நீளப் பலகையாகப் பார்க்கிறது. இரண்டும் 1024 புள்ளி அகலம் என்றால், பலகையின் அகலம் 2048. டச் கண்ணாடிக்கோ இந்த விஷயம் தெரியாது. "முழு அகலத்தில் பாதியில் விரல் பட்டது" என்று மட்டும் அது சொல்கிறது. 2048-இல் பாதி 1024, அதாவது முதல் மானிட்டரின் வலது விளிம்பு. உங்கள் திரைக்கு நட்டநடுவே தொட்டுப் பாருங்கள். அம்பு இரண்டு மானிட்டரும் சேரும் இடத்தில் போய் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்ய ஒரே கட்டளை போதும். அதற்கு முன் டச்சின் பெயரும் மானிட்டரின் பெயரும் தெரிய வேண்டும். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) முதலில் எக்ஸ்இன்புட் லிஸ்ட் (xinput list) என்று அடித்தால் மவுஸ், கீபோர்டு, டச் எல்லாம் பெயரும் எண்ணுமாக வரும். (எக்ஸ்இன்புட் இல்லையென்றால், மென்பொருள் நிறுவ உதவும் சினாப்டிக்கில் நிறுவிக்கொள்ளுங்கள். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) அடுத்து எக்ஸ்ரேண்ட்ஆர் (xrandr) கட்டளை, டச் இருக்கும் மானிட்டர் விஜிஏ-1-ஆ எல்விடிஎஸ்-1-ஆ என்று காட்டும். பிறகு எக்ஸ்இன்புட், ஓர் இடைவெளி, மேப்-டு-அவுட்புட் (map-to-output), டச் கருவியின் பெயர் மேற்கோள் குறிக்குள், கடைசியில் மானிட்டரின் பெயர். என்டர் தட்டியதும் விரல் வைத்த இடத்துக்கே அம்பு வரும்.

டச்சின் பெயருக்குப் பதில் அதன் எண்ணைப் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் மறுமுறை ஆன் செய்யும்போதோ, ஒரு பார்கோடு ஸ்கேனரைச் செருகினாலோ அந்த எண் மாறலாம். அதனால்தான் பெயரைப் போடச் சொல்கிறேன்.

மெஷினை அணைத்தால் இந்த அமைப்பு போய்விடும். ஆன்டிஎக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் டெஸ்க்டாப்-செஷன் (.desktop-session) என்ற ஃபோல்டருக்குள் ஸ்டார்ட்அப் (startup) என்றொரு கோப்பு இருக்கும். அதில் இந்த வரியைச் சேருங்கள். அதற்கு முன்னால் ஐந்து விநாடி காத்திருக்க ஸ்லீப் (sleep 5) கொடுப்பது நல்லது. இரண்டாவது மானிட்டர் விழிப்பதற்குள் கட்டளை ஓடிவிட்டால் பயனில்லை. கடை நடுவே மானிட்டர் ஒயரைக் கழற்றி மாட்டினாலும் இதே வரியை இன்னொரு முறை ஓட்ட வேண்டியிருக்கும். டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானாக வைத்துவிட்டால் கடைப் பையனே தட்டிக்கொள்வான்.

உங்கள் தொல்லை இதோடு தீரும். அம்பு அசையவே இல்லை என்பவர்களுக்கு வழி வேறு. யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையில் டச் கண்ட்ரோலர் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய பில்லிங் மெஷின்களில் அடிக்கடி வரும் ஈகேலக்ஸ் வகையின் அடையாள எண் பூஜ்யம்-இ-இ-எஃப் என்று தொடங்கும். பட்டியலிலேயே இல்லையென்றால் உள்ளே ஒயர் கழன்றிருக்கலாம், அல்லது அது சீரியல் போர்ட் வகை. சீரியலுக்கு இன்புட்அட்டாச் (inputattach) என்ற நிரலை ஓட்டினால்தான் உயிர் வரும். பட்டியலில் இருந்தும் அசையவில்லையென்றால் தொடுவதை எண்களாகக் காட்டும் ஈவிடெஸ்டை நிர்வாகி உரிமையுடன் (sudo evtest) ஓட்டி, விரலை இடமிருந்து வலமாக மெல்ல இழுங்கள். எண்கள் ஓடினால் கெர்னல் வரை எல்லாம் சரி, சிக்கல் அதற்கு மேலே. எண் ஏறாமல் இறங்கினால் கண்ணாடி இடவலம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதை, தொட்ட இடத்தைக் கணக்கிடும் ஒன்பது எண்களான லிப்இன்புட் காலிபரேஷன் மேட்ரிக்ஸில் (libinput Calibration Matrix) -1 0 1 0 1 0 0 0 1 என்று திருத்துங்கள். அதேபோன்ற இன்னொரு அமைப்பான கோஆர்டினேட் டிரான்ஸ்ஃபர்மேஷன் மேட்ரிக்ஸில் திருத்தினால், மேப்-டு-அவுட்புட் அதை அழித்து எழுதிவிடும்.

திரையைக் காட்டும் அடிப்படை மென்பொருள் லினக்ஸில் இரண்டு வகை: எக்ஸ்ஆர்க், வேலேண்ட். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் புதிய பதிப்புகள் போல வேலேண்டில் ஓடும் லினக்ஸில் எக்ஸ்இன்புட் பலிக்காது. ஆன்டிஎக்ஸ் எக்ஸ்ஆர்கில் ஓடுவதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. செல்போன் திரை போன்ற கெப்பாசிட்டிவ் டச்சில் யாரும் தொடாமலே கிளிக் விழுந்தால் மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் எர்த்தையும் அடாப்டரையும் பாருங்கள். மட்டமான அடாப்டரின் மின்சாரக் கலக்கமே விரல் பட்டதுபோல் காட்டும். பனிமூட்டத்தில் கண்ணாடியில் படியும் ஈரமும் அதைச் செய்யும்.

உங்களுடையது அழுத்தினால் மட்டும் கேட்கும் ரெசிஸ்டிவ் வகையாகத்தான் இருக்க வேண்டும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும். அந்த வகையில் தினமும் தட்டும் இடம், அதாவது பிரின்ட் பட்டன் இருக்கும் மூலை, முதலில் தேயும். அங்கே மட்டும் செத்துப்போனால் எந்தக் கட்டளையும் உதவாது, மேல் கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும். வாங்கும்போது அங்குல அளவோடு 4 ஒயரா 5 ஒயரா என்றும் பழையதைக் கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். 4 ஒயர் கண்ட்ரோலரில் 5 ஒயர் கண்ணாடி சேராது.