‘ஏ டைப்’ டீச்சர்

கேள்வி: “லேடீஸுக்குத்தான் டென்ஷன் ஜாஸ்தி. நீங்க வேற ‘ஏ டைப்’, எதிலும் அவசரம், போட்டி” என்கிறார் எங்கள் ஹெச்.எம். பயிற்சியில் நிரப்பிய படிவத்திலும் அப்படியே வந்தது. உண்மைதானா?
– ஓர் ஆசிரியை, பாம்பன்

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதியையும் ஹெச்.எம். தப்பாகப் படித்திருக்கிறார்.

பணிச்சோர்வுக்கு அமெரிக்க உளவியலாளர் மஸ்லாக் 1981-இல் தந்த அளவுகோலில் மூன்று கூறுகள்: உள்ளுக்குள் வற்றிப்போவது, பிள்ளைகளிடம் மனம் மரத்துப்போவது, ‘என்னத்தைச் சாதித்தோம்’ என்ற நினைப்பு. முதலாவது பெண்களிடம் கொஞ்சம் கூடுதல், இரண்டாவது ஆண்களிடம். வித்தியாசம் சிறியதுதான். வற்றியவர் ஸ்டாஃப் ரூமில் அழுதுவிடுகிறார், ஊருக்கே தெரிகிறது. மரத்துப்போனவருக்கு ‘கூலான சார்’ என்று பெயர்!

ஏன் வற்றுகிறது? 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண்ணுக்கு நாளைக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. ராமநாதபுரத்திலிருந்து பாலம் தாண்டி வரும் பஸ் நேரம் தனி.

‘ஏ டைப்’ என்பது 1950களில் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற அமெரிக்க இதய மருத்துவர்கள் மாரடைப்பைப் பற்றிச் சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் அவசரத்தைவிடக் கோபத்தையும் பகையுணர்வையும்தான் குற்றவாளி ஆக்கின. நோட்டை அன்றன்றே திருத்துவது நோயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துகிறீர்களா என்று பாருங்கள்.

இந்தக் குணம் எங்கே கடிக்கும் தெரியுமா? பொறுப்பு உங்களுடையது, பிடி உங்களிடம் இல்லை என்கிற இடத்தில். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பும்; பள்ளி திறந்த கையோடு ஒன்பதாம் வகுப்புப் பையன் கடலுக்குப் போய்விடுவான். வருகை குறைந்ததற்கு விளக்கம் கேட்பதோ உங்களிடம்.

பத்து வேலைநாள் ஒரு நோட்டுப் போடுங்கள். நேரம், நடந்தது, எரிச்சல் பத்துக்கு எத்தனை, மாற்றுவது என் கையில் இருந்ததா. அன்றன்று மாலை பஸ்ஸிலேயே எழுதிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக எழுதினால் பெரிய சண்டைகள் மட்டுமே ஞாபகம் வரும். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ நிறைந்திருந்தால் மூச்சுப்பயிற்சி உதவாது. எமிஸ் (கல்வித் துறையின் இணையதளம்) பதிவு யார், எந்த பீரியடில் என்று நோட்டை வைத்துக்கொண்டே ஹெச்.எம்.மிடம் பேசுங்கள். ‘ஆம்’ என்று எழுதிய இடங்களில் எரிச்சல் ஏழு, எட்டு என்று ஏறினால், அது நீங்கள் பார்க்க வேண்டியது.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நோட்டெல்லாம் அப்புறம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், காசில்லை.