எம்.எஸ்சி. ஃபிசியாலஜியில் மகளைச் சேர்க்கலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டாள், மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. ஃபிசியாலஜி (உடல் இயங்கும் விதம் பற்றிய படிப்பு) இடம் கிடைக்கும்போல இருக்கிறது, எம்.பி.பி.எஸ். கிடைக்காத குறை இதில் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தீராது. இந்தப் படிப்பு அவளை டாக்டராக்காது. ஆசிரியராகவோ ஆராய்ச்சியாளராகவோ ஆக்கும். அதற்காகவே சேர்ந்தால் அருமையான படிப்பு. விட்டுப்போனதற்கு ஈடாக நினைத்துச் சேர்ந்தால், படிக்கிற காலம் முழுக்கப் பக்கத்து பெஞ்சு எம்.பி.பி.எஸ். பிள்ளைகளைப் பார்த்தே மனம் வாடும்.

பக்கத்து பெஞ்சு என்று சும்மா சொல்லவில்லை. மூன்றாண்டு மருத்துவ எம்.எஸ்சி.யில் முதல் வருடம் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முதலாண்டுப் பாடங்கள்தான்: அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. லேபில் விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுத்து, நியூபாவர் சேம்பர் என்ற கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் விட்டு, மைக்ரோஸ்கோப் வழியே கட்டம் கட்டமாக வெள்ளணுக்களை எண்ண வேண்டும். கோட்டின் மேல் விழுந்த அணுவுக்கும் விதி உண்டு: இரண்டு பக்கக் கோடுகளில் இருப்பதை எண்ணி, மற்ற இரண்டு பக்கங்களில் இருப்பதை விட்டுவிட வேண்டும். இந்த மாதிரி வேலையில் அவளுக்கு நேரம் போவதே தெரியாது என்றால், தயங்காமல் சேருங்கள்.

ஃபிசியாலஜிக்குப் பதில் பேத்தாலஜி (நோய்க்குறியியல்) பக்கம் போனால் பின்னால் சொந்தமாக லேப் வைக்கலாமே என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கேதான் நிறையப் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். பேத்தாலஜியில் முக்கியமான படிப்பு எம்.டி.தான். எம்.பி.பி.எஸ். முடித்து மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜி எழுதித்தான் அதற்குள் போக முடியும். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை வெட்டிப் பார்த்து, துண்டுகளை மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடைப் பார்த்து ‘இது புற்றுநோய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பொறுப்பு அது. சில சமயம் நோயாளி மயக்கத்தில் மேஜையிலேயே இருப்பார். உறைய வைத்த துண்டைப் பார்த்து பேத்தாலஜி மருத்துவர் சொல்லும் பதிலுக்காக சர்ஜன் காத்திருப்பார். பரிசோதனை அறிக்கையில் பேத்தாலஜியில் முதுநிலைப் பட்டம் பெற்ற, பதிவுபெற்ற மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்பதை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. ஆகவே அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

சரி, ஃபிசியாலஜி படித்தால் வேலை? பழைய மருத்துவக் கவுன்சில் விதிப்படி அனாட்டமி, ஃபிசியாலஜி துறைகளில் 30 சதவீத ஆசிரியர் இடங்கள் வரை எம்.பி.பி.எஸ். இல்லாதவர்களுக்குத் தர முடிந்தது. 2020-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை 15 சதவீதமாகக் குறைத்தது. மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜியில் அடியோடு நீக்கியது. 2025 விதிகளில் அந்த இரண்டு துறைகளிலும் மறுபடி அனுமதி வந்தது. ஐந்தே வருடத்தில் இத்தனை மாற்றம். பாதி வழியில் மாட்டிக்கொண்டு தவித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. அதனால் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

எம்.எஸ்சி.யோடு நிறுத்துவதாக இருந்தால் சேர்க்கவே வேண்டாம் என்பேன். மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக பிஎச்.டி. கட்டாயம். எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்திலிருந்தே ஆராய்ச்சி உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) பெற உதவும் சி.எஸ்.ஐ.ஆர். நெட், ஐ.சி.எம்.ஆர். ஜே.ஆர்.எஃப். தேர்வுகளுக்கு அவள் தயாராக வேண்டும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை (2023 முதல் இந்தத் தொகை), பிஎச்.டி. காலத்தில் உங்களிடம் கையேந்த வேண்டியிருக்காது. தூக்கம், நரம்பு, இதய இயக்கம் பற்றிய ஆராய்ச்சிக்கூடங்கள், மருந்துச் சோதனை நிறுவனங்கள் என்று வெளியிலும் இடம் உண்டு.

இடத்தை உறுதி செய்யும் முன் ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு அந்தத் துறைக்கே போய் வாருங்கள். பிஎச்.டி. வழிகாட்டிகள் எத்தனை பேர், அவர்களிடம் காலியிடம் இருக்கிறதா, போன வருடம் முடித்த எம்.எஸ்சி. மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் நீங்கள் வராந்தாவில் இருந்துகொண்டு, மூத்த மாணவர்களிடம் அவளைத் தனியாகப் பேச விடுங்கள். அப்பா பக்கத்தில் நின்றால் அவர்களும் மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள், இவளும் கேட்க மாட்டாள்.