காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லையா? முதலில் இரவைச் சரிசெய்யுங்கள்

நீங்கள் கேட்டது இது: வைரஸ் காய்ச்சல் வந்து பத்து நாள் ஆகிவிட்டது, காய்ச்சலும் விட்டுவிட்டது. ஆனால் 62 வயது அம்மாவுக்கு வறட்டு இருமல் நிற்கவில்லை, படுத்தால் அதிகமாகிறது. ஒன்றரை வயதுக் குழந்தையும் இருமத் தொடங்கியிருக்கிறது. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

நான் மருத்துவர் இல்லை. வயதான மாமியாரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகை வந்தாலே இந்த இருமலோடு மல்லுக்கட்டுகிறவள். எங்கள் டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பத்து நாள் இருமல் என்பது வழக்கத்துக்கு மீறியது இல்லை. சளிக் காய்ச்சலோடு வரும் இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கிறது. சிலருக்கு இன்னும் சில வாரம் இழுக்கும். வைரஸ் போன பிறகும் அது புண்ணாக்கிய மூச்சுக்குழாயின் உட்பக்கம் ஆறுவதற்கு நேரம் பிடிக்கிறது. சிராய்த்த முழங்காலில் காற்றுப் பட்டாலே எரியும் அல்லவா, அதுபோல அங்கிருக்கும் நரம்பு நுனிகளுக்குக் கொஞ்சம் புகை, குளிர்காற்று, சத்தமான பேச்சு எது பட்டாலும் போதும், இருமல் கிளம்பிவிடும். இருமினால் அந்த இடம் இன்னும் உரசும், அதனாலேயே மறுபடி இருமல். ஆகவே என்ன கொடுக்கலாம் என்று தேடுவதற்கு முன்னால், தொண்டையைச் சீண்டுவது எது என்று பாருங்கள்.

நம் வீடுகளில் அது பெரும்பாலும் புகை. படுக்கையறை ஜன்னலைச் சாத்திவிட்டு இரவு முழுக்கக் கொசுவர்த்திச் சுருளை எரியவிடுகிறோம். சளி பிடித்திருக்கிறதே என்று குழந்தைக்குச் சாம்பிராணி வேறு காட்டுகிறோம். இந்த நாட்களில் இரண்டையும் நிறுத்திவிட்டு வலை கட்டுங்கள். ஊதுபத்தியும் வேண்டாம். மிளகாய் தாளிக்கிற நேரத்தில் அம்மா அடுப்படியில் நிற்க வேண்டாம். என் மாமியாரின் இரவு இருமலில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் வந்தது சுருளை எடுத்துவிட்டு வலை கட்டிய பிறகுதான். கஷாயத்தால் அந்த அளவுக்குப் பலன் கிடைத்ததில்லை.

படுத்ததும் இருமல் கூடுவதற்கு முக்கியமான காரணம், மூக்கின் பின்பக்கச் சளி தொண்டைக்குள் வழிவது. அம்மாவைத் தட்டையாகப் படுக்கவிடாமல், தோளிலிருந்தே உயரும்படி தலையணை அடுக்கிக் கொடுங்கள். படுக்கும் முன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். தலைமாட்டில் பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும். தொண்டை அரிக்கும்போதே வாயை மூடி, எச்சிலை விழுங்கி, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டு, ஒரு மடக்கு வெந்நீர் குடித்தால் பல நேரம் இருமல் அடங்கிவிடும். இது பழகப் பழகத்தான் வரும்.

தேன் உண்மையிலேயே உதவும். ஆய்வு செய்து பார்த்தும் ஓரளவு பலன் இருப்பதாகவே சொல்கிறார்கள். அம்மாவுக்குப் படுப்பதற்கு முன் ஒரு ஸ்பூன், குழந்தைக்கு அரை ஸ்பூன். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தைக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் பயமில்லை. ஒரு வயதுக்குக் கீழே நாக்கில் தடவுவதற்குக்கூடத் தேன் கூடாது. பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம்.

சுக்கு, மிளகு, துளசி, கற்பூரவள்ளி, மிளகு ரசம் எல்லாம் சூடாக உள்ளே போவதே இதம், கொடுங்கள். ஆடாதொடை பழைய மருந்துதான். கடையில் கிடைக்கும் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்துகூட அந்தச் செடியிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை முன்மாதிரியாக வைத்து உருவானது. ஆனால் ஆடாதொடை கெட்டிச் சளியை இளக்குவது. சளியே இல்லாத வறட்டு இருமலுக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான், என்றாலும் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் இருப்பவர்களுக்கு வேண்டாம்.

அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் மாத்திரை அட்டையில் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். ஆன்டிபயாடிக் வைரஸ் இருமலுக்கு உதவாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலும் அதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தேவை என்று முடிவு கட்ட முடியாது.

குழந்தை விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், மருந்துக் கடையில் கேட்டு சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பல குழந்தைகள் இறந்தது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தால். அதில் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. அதையடுத்து மத்திய அரசின் சுகாதார சேவைகள் இயக்குநரகம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று அறிவுறுத்தியது. கலப்படமே இல்லாத சிரப்பும் இந்த வயதில் பெரிதாக உதவுவதில்லை. மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டு, அடிக்கடி தண்ணீரோ பாலோ கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி மார்பில் தேய்ப்பதும் வேண்டாம், கற்பூரம் குழந்தை உடம்பில் ஏறினால் வலிப்பு வரலாம். ஆவி பிடிப்பதும் அப்படித்தான்: கிடைப்பது கொஞ்ச நேர இதம், கொதிநீர் கவிழ்ந்தால் பெரிய ஆபத்து. நான் பிள்ளைகளுக்கு ஆவி பிடிப்பதே இல்லை.

குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்குவது, சளியில் ரத்தம், விட்ட காய்ச்சல் திரும்புவது, பேச்சில் குழப்பம் இவற்றில் எது தெரிந்தாலும் அதேதான்.

இவை எதுவும் இல்லாமல் இருமல் மட்டும் இரண்டு வாரத்தைத் தாண்டினால், அது வைரஸின் மிச்சமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் நம் ஊரில் காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் சளிப் பரிசோதனைக்கு இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். அம்மாவுக்கு இன்னும் நான்கு நாள் பார்த்துவிட்டு, குறையாவிட்டால் அழைத்துப் போங்கள்.